கமலாக்கா திருப்பி வெட்டிய பெயர்ப்பலகை

கமலாக்கா றப்பர் முத்திரை வெட்டுகிறவர். எழுத்தைத் திருப்பி வெட்டினால்தான் தாளில் குத்தும்போது நேராக விழும். பள்ளிக்கூடம் விட்ட காலத்திலிருந்து இதே வேலை என்பதால், அவருக்கு நேரான எழுத்தைவிடத் திரும்பிய எழுத்துத்தான் பழக்கம். திருகோணமலை டவுனில் பாதிக் கந்தோர் மேசைகளில் கிடப்பது அவர் வெட்டிய முத்திரை. ஆனால் கடையின் பெயர்ப்பலகையில் ‘ஆனந்தராசா முத்திரைக் கடை’ என்றுதான் இருந்தது. ஆனந்தராசா அவருடைய அண்ணன். காலையில் வருவார், பேப்பர் பார்ப்பார், வந்தவர்களோடு அரசியல் கதைப்பார், போவார். பக்கத்துக் கடையில் தைத்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தப் பலகையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கமலாக்கா தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருப்பார்.

2007ஆம் ஆண்டு அண்ணன் கொழும்பிலிருந்து பழைய லேசர் மெஷின் ஒன்றை லொறியில் கொண்டுவந்தார். வழியிலிருந்த செக்பொயின்ற் எல்லாவற்றிலும் அதைத் திறந்து காட்டி, இது ஆயுதம் இல்லை என்று விளக்கி, ஒருவழியாகக் கடைக்குள் இறக்கினார். கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தால் அது ஒளியாலேயே வெட்டிவிடும். கமலாக்கா அதைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பெண் பார்க்க வந்த எந்த மாப்பிள்ளையையும் அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"உனக்கு இது ஏலாது கமலா" என்றார் அண்ணன். "கண்டியில ஒருத்தன் கேட்டுக்கொண்டு நிக்கிறான். கூடின விலைக்குக் குடுத்திடலாம்."

"குடுக்க வேண்டாம். நான் பழகுறன்."

"சரி, ஒரு வேலை செய்து காட்டு. பழுதாக்கினியெண்டா மெஷின் கண்டிக்குத்தான் போகும்."

கமலாக்கா அன்றே பழகத் தொடங்கினார். மட்டையிலும் பலகைத் துண்டிலும் வட்டமும் சதுரமும் வெட்டிப் பார்த்தார். கடை முழுக்கக் கருகல் மணம். என் துணியெல்லாம் நாறியது, எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொடியில் தொங்கவிட்டேன்.

முதல் ஓடர் கிண்ணியாவிலிருந்து வந்தது. கலீலுர் றஹ்மான் நானா அங்கே மருந்து விற்கப் பாமசி திறக்கவிருந்தார். "கண்ணாடி மாதிரிப் பளபளவெண்டு ஒரு போர்ட் வேணும், தங்கச்சி" என்று கேட்டார். அதற்கான, கண்ணாடி போல ஊடு தெரியும் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் தகடு டவுனிலேயே ஒன்றுதான் கிடைத்தது. அடுத்தது எப்போது வரும் என்பது லொறிக்காரனுக்கே தெரியாது. நானாவும் பொழுது சாய முன்னர் திரும்ப வேண்டும். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும், நேரம் பிந்தினால் பாதை ஓடாது.

இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய அந்தத் தகட்டைக் கமலாக்கா மெஷினுக்குள் வைத்தார். கம்ப்யூட்டரில் ‘ஹயாத் பாமசி’ என்று நேராக நின்ற எழுத்து அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். கை தன்பாட்டில் போய் அதைத் திருப்பிப் போட்டது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை. மெஷின் இரைந்து இரைந்து எழுத்தைக் குடைந்தது. குடைந்த இடத்தில் கமலாக்கா பச்சைப் பெயின்ற் அடித்தார். காய வைக்க என் மேசை விசிறியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

றஹ்மான் நானா குனிந்து பார்த்தார். "என்ன தங்கச்சி, எழுத்தெல்லாம் மற்றப் பக்கம் பாக்குது?"

அண்ணன் ஃபோனை எடுத்து, கண்டி நம்பரைத் தேடினார். ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

கமலாக்காவின் முகம் வெளிறிப் போயிற்று. முத்திரை வெட்டி முடித்ததும் அதைக் கவிழ்த்துக் குத்திப் பார்ப்பதுதானே அவர் வழக்கம்? அதே கை தகட்டைத் தூக்கி மேசையில் கவிழ்த்தது. மேலே வந்த பக்கத்துத் தாளின் மூலை கிளம்பி நின்றது. ஆத்திரத்தில் அதைப் பிடித்து இழுத்தார். தாள் முழுவதும் உரிந்து வந்தது.

உள்ளே ‘ஹயாத் பாமசி’, நேராக, பச்சைப் பசேலென்று, தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரிந்தது.

நானா விரலால் தடவினார். நகத்தால் சுரண்டினார். ஒன்றும் கையில் படவில்லை. எழுத்து பின்பக்கம் இருந்தது. முன்பக்கம் வழுவழுவென்றிருந்தது.

"உப்புக் காத்து என்ட பழைய கடைப் போர்ட்டை ஒரு வருசத்தில திண்டு முடிச்சது" என்றார். "இத எப்படித் தின்னும்?"

"பிழையா வெட்டிப்போட்டுச் சமாளிக்கிறாய்" என்றார் அண்ணன். ஆனால் ஃபோன் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"ஓம் அண்ணா, பிழைதான். இனி எல்லாப் போர்ட்டும் இந்தப் பிழையோடதான் வரும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நானா போர்ட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பாதையைப் பிடிக்க ஓடினார். அடுத்த வாரம் கிண்ணியாவிலிருந்து இன்னும் மூன்று கடைக்காரர் வந்தார்கள், எல்லோருக்கும் அதே மாதிரித்தான் வேண்டுமாம்.

லொறி மறுபடி தகடு கொண்டுவந்தபோது, முதல் தகட்டைக் கமலாக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. ஏணியில் ஏறிப் பழைய பலகையைக் கழற்றிப் புதியதைப் பூட்டியது ஆனந்தராசா அண்ணன்தான். நானும் கமலாக்காவும் தெருவில் நின்று பார்த்தோம்.

"நேரா இருக்கா?" என்று மேலிருந்து கேட்டார் அண்ணன்.

கமலாக்கா ‘கமலேஸ்வரி’ என்ற தன் முழுப் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக, முதல் தடவையாக நேராக வாசித்தார்.

"இருக்கு அண்ணா. நல்லா இறுக்கிப் பூட்டுங்கோ."