வியாழக்கிழமை வட்டிக் கமிட்டி

டாக்டரைப் பார்த்தால் எல்லோரும் இருமிக் காட்டுவதைப் போல, பொருளாதாரம் நடத்துகிறவரைப் பார்த்தால் எல்லோரும் வீட்டுக்கடனை எடுத்துக் காட்டுகிறார்கள். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நான் பொருளாதாரப் பேராசிரியை. ரிசர்வ் வங்கி வட்டியை ஏன் ஏற்றுகிறது, ஏன் இறக்குகிறது என்பதை எப்படி நடத்தினால் பிள்ளைகள் மண்டையில் ஏறும் என்பதுதான் என் ஆய்வு. ஒரு வகுப்புக்கு வழக்கம்போல நோட்ஸ். இன்னொரு வகுப்பில் வியாழக்கிழமைதோறும் மாணவர்களே வட்டிக் கமிட்டியாக உட்கார்ந்து, வாதாடி, ஓட்டுப் போட்டு முடிவெடுப்பார்கள். பலன் தெரியாவிட்டால் அந்த நேரத்தை வேலைவாய்ப்புப் பயிற்சிக்குக் கொடுத்துவிடுவேன் என்று பிரின்சிபால் முதலிலேயே சொல்லிவிட்டார். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்கு மிச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

குற்றவாளி நான்தான்

காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட் சங்கத்தின் கூட்டம். பழுதான லிஃப்டைப் பற்றிப் பேசத்தான் கூடியிருந்தோம். மூன்றாவது மாடி கார்த்திக், மதுரையிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்ப்பவர், என்னைக் கண்டதும் லிஃப்டை மறந்துவிட்டார். வட்டி ஏறியதில் அவருடைய தவணை நீண்டுகொண்டே போகிறதாம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வட்டியை முடிவு செய்வது மும்பையில் ஒரு கமிட்டி, நான் அதைப் பற்றிப் பாடம் மட்டும்தான் நடத்துகிறேன் என்று பொறுமையாகச் சொன்னேன். பொறுமை எனக்குச் சுலபமாக வருவதில்லை. கார்த்திக் முழுவதையும் கேட்டுக்கொண்டு தலையாட்டினார்.

"அதெல்லாம் சரிங்க மேடம், அடுத்த தடவை ஏத்துறதுக்கு முன்னாடி எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க."

பாலு சாரின் கருணை

நோட்ஸ் கொடுக்கும் வகுப்பை நடத்தியவர் என் சக ஆசிரியர் பாலு சார். தங்கமான மனிதர், வம்பே அதுதான். இரண்டு வகுப்புக்கும் ஒரே தேர்வு வைத்து ஒப்பிடுவதாகத் திட்டம். கேள்வித்தாளை நகலெடுக்க அவரிடம் கொடுத்திருந்தேன். திருத்த உட்கார்ந்தால், 'தக்காளி விலை ஏறினால் வட்டியை ஏற்றலாமா?' என்ற கேள்விக்கு இரண்டு வகுப்பும் வரி பிசகாமல் ஒரே பதில், அடிக்கோடுகூட ஒரே இடத்தில். முந்தின நாளே இரண்டு வகுப்புக்கும் போய் விடையைச் சொல்லி எழுத வைத்திருக்கிறார்.

வருஷம் முழுக்கப் பட்ட பாடு ஒரே மத்தியானத்தில் நாசம், இனி எதை எதோடு ஒப்பிடுவது? ஸ்டாஃப் ரூம் அதிரக் கத்தினேன். அவர் நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியாமல் நின்றார்.

"ரெண்டு செக்‌ஷனும் நம்ம பசங்கதானே மேடம், ஒரு செக்‌ஷனுக்கு மட்டும் மார்க் கொறஞ்சா நமக்கு மனசு கேக்குமா?"

ஒத்திகை

தேர்வு போய்விட்டது. வியாழக்கிழமை வகுப்பைக் காப்பாற்ற ஒரு வழிதான் மிச்சம். கல்லூரியை மதிப்பிட வெளியிலிருந்து குழு வரப்போகிறது, அவர்கள் பார்த்து நல்லபடியாக எழுதினால் பிழைத்தது. வட்டிக் கமிட்டியை அவர்களுக்குக் காட்டலாம் என்று பிரின்சிபாலே கூப்பிட்டுச் சொன்னபோது சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

மறுநாள் பார்த்தால், யார் எந்த வரியைப் பேச வேண்டும் என்று அவரே பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்திருக்கிறார். முடிவு ஒருமனதாக வட்டி உயர்வு. சார், அவர்கள் ஒத்துப்போகாமல் வாதாடுவதுதான் பாடமே என்றேன்.

"வந்தவங்க முன்னாடி பசங்க ஆளுக்கொண்ணு பேசினா, இந்தக் காலேஜ்ல டிசிப்ளின் இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்கம்மா."

தினேஷின் ஓட்டு

குழு வந்தது. கையில் டீயோடு உட்கார்ந்து, பாதிக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கிளிப்பிள்ளைகள் ஒவ்வொன்றாக 'உயர்த்தலாம்' என்றன. எனக்கு அங்கே நிற்கவே கூசியது. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும் தினேஷின் முறை வந்தது. எழுந்தவன் கூரையைப் பார்த்தான். மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"சார், நான் ஏத்தக்கூடாதுன்னுதான் ஓட்டுப் போடுவேன். மழையில தக்காளி அழுவிப் போச்சு, அதான் வெல ஏறிக்கீது. வட்டிய ஏத்துனா தக்காளி காய்க்குமா? எங்க மாமா அம்பத்தூர் எஸ்டேட்ல பட்டறை வச்சிகினு கீறாரு, அவுருக்குத்தான் லோன் கெடைக்காது."

பக்கத்திலிருந்த ஷாலினி விடவில்லை. "தக்காளியோட நின்னா பரவால்ல. அத சாக்கா வச்சி மெஸ்ல ஏத்துறான், ஆட்டோல ஏத்துறான், அப்புறம் எவன் எறக்குறான்? இப்பவே வட்டிய ஏத்திப் புடிச்சு நிறுத்தணும்."

அவ்வளவுதான், வகுப்பு இரண்டுபட்டது. மும்பையில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுவதும் இதே சண்டைதான். குழுவில் ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற பிரின்சிபால் என்னை வெளியே கூப்பிட்டார், முகம் சிவந்திருந்தது.

"அவனைச் சொந்தமாப் பேசச் சொன்னது யாரும்மா?"

அடுத்த வாரத்திலிருந்து என் வியாழக்கிழமை நேரத்தில் வேலைவாய்ப்புக்கென்று வெளியாள் ஒருவர் வந்து, அதே தினேஷுக்கும் ஷாலினிக்கும் 'சபையில் தயங்காமல் பேசுவது எப்படி' என்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.