தார் பூசாத முதுகு

மரவள்ளித் தோட்டத்தின் நடுவில் நின்ற அந்தத் தகர மனிதன் காற்றடித்தால் குனிவான். மண்ணெண்ணெய் டின் உடம்பு, பால் டின் தலை, சைக்கிள் டியூபில் இரண்டு கைகள். இடுப்பில் ஒரு பழைய கதவுக் கீல். முதுகில் அகலமான தகடு ஒன்று. காற்று அதில் மோதியதும் இடுப்பு மடங்கித் தலை தரையைப் பார்க்கும். காற்று நின்றதும், உள்ளே தொங்கிய கல்லின் கனத்தில் மெல்ல நிமிர்ந்துகொள்வான். கிழங்கைப் பிடுங்க வரும் குரங்குகளை விரட்டத்தான் அண்ணி அதைச் செய்தார். ஆனால் அது குனிந்த விதம் இருக்கிறதே, சாலை முனையில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு நாங்கள் தினமும் குனிந்த அதே விதம். முதல் தடவை பார்த்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டு யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தேன்.

அண்ணி என் கணவரின் அக்கா. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் குடும்பம் நடத்தியவர். அவர் கணவரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன பிறகு, ஒரு தகரப் பெட்டியோடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். என் கணவர் ரயில் பட்டறையில் ஃபிட்டர். எனக்கு அப்போது கைக்குழந்தை, தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. கடையில் துணி கிடையாது, சோப்பு கிடையாது, பொம்மைக்கு எங்கே போவது? அண்ணி மட்டும் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார். மத்தி மீன் டின்னில் ஒரு முதலை செய்தார். வாலை அழுத்தினால் வாயைத் திறக்கும். உடைந்த குடைக் கம்பியில் ஆளுயரச் சிலந்தி ஒன்று எங்கள் வாசலில் நின்றது. கொட்டாங்கச்சி ஆமைகள் ஒன்றின்பின் ஒன்றாகத் தலையை ஆட்டும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாம் பசியை மறந்து எங்கள் வாசலில்தான் கிடப்பார்கள். எப்படி அண்ணி இதெல்லாம் தோன்றுகிறது என்று ஒருமுறை கேட்டேன். "கையில எதையாவது வச்சிருந்தா அவரு ஞாபகம் வரதில்லம்மா" என்றார்.

இத்தனை வருடங்கள் கழித்து, சில மாதங்களுக்கு முன் என் மகள் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனாள். பழைய டின், பாட்டில் மூடி, கிழிந்த செருப்பு ஆகியவற்றால் மிருகங்கள் செய்து, விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். யாராவது கேட்டார்களா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன்.

ஜப்பான் அதிகாரி எங்கள் மரவள்ளித் தோட்டத்துக்கு வந்தது ஒரு காலை வேளையில். கூடவே கிராணியும் வந்தார். சண்டைக்கு முன்னால் ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர் அவர். ஜப்பானியர் வந்த சூட்டில் அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார். சயாமுக்கு ஆள் பிடித்தபோது வீடு வீடாகக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான் என்று எல்லோரும் நம்பினோம். அவர் நிழல் தெரிந்தாலே பெண்கள் கதவைச் சாத்துவோம்.

"இது ஏன் இப்படி நிக்குதுன்னு கேக்கிறாரு" என்றார் கிராணி.

"குரங்கு வராம இருக்க, ஐயா" என்றார் அண்ணி.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது. தகர மனிதன் அதிகாரியின் முன்னால் இடுப்பை மடித்துக் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். குழந்தை அழுதுவிடக் கூடாதே என்று அவள் முகத்தை என் மார்போடு அழுத்திக்கொண்டேன். அதிகாரி அண்ணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அண்ணி கீழே விழுந்து எழுந்து, தலை குனிந்து நின்றார். அடுத்தது வாள்தான் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஆள் தகர மனிதனிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, கீலைத் தொட்டுப் பார்த்தார், தகட்டைத் தள்ளிப் பார்த்தார், உள்ளே தொங்கிய கல்லை விரலால் ஆட்டினார். பிறகு எழுந்து கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"நாளைக்குப் பாடாங்குக்கு வா. ஒரு ரயில் எஞ்சின் செய்யணுமாம். மூங்கில், அத்தாப்பு, தார் எல்லாம் குடுப்பாங்க. பாத்தா நிஜம்னு நம்பணும். இல்லன்னா உன்னையும் விட மாட்டாங்க, உன் தம்பியையும் விட மாட்டாங்க."

பாடாங் என்றால் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த திடல்தான். பிள்ளைகள் பந்து விளையாடிய இடம். அங்கே அண்ணி மூங்கிலை வளைத்து எலும்புக்கூடு கட்டினார், அத்தாப்பு ஓலையால் தோல் போர்த்தினார். எண்ணெய்ப் பீப்பாய் புகைபோக்கி ஆயிற்று. முகப்பு விளக்குக்கு ஒரு வாணலி. ஆணித் தலைகளுக்குச் சோடா பாட்டில் மூடிகள், வரிசை பிசகாமல். மாட்டுவண்டிச் சக்கரங்களைக் கரிய தார் மூடியதும் நானே ஒரு கணம் ஏமாந்தேன். பிள்ளைகள் சுற்றி நின்று கூக்கூ என்று கத்தினார்கள். அடி வாங்கிய கன்னம் வீங்கியிருந்தபோதும் அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அப்படி ஒரு பெரிய பொருளைச் செய்ய அவருக்கு யார் இடம் கொடுத்தார்கள் அதுவரை?

அந்த வெளிச்சம் ஒரு சாயங்காலத்தோடு போயிற்று. என் கணவர் வேலை விட்டு வந்து, கிழங்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் வெள்ளைக்காரன் விமானங்கள் மிக உயரத்தில் வெள்ளிப் பூச்சி மாதிரி பறந்து போக ஆரம்பித்திருந்தன.

"பட்டறையில நிஜ எஞ்சினுக்கு மேல தென்ன ஓல போட்டு மூடுறாங்க. இங்க பொய் எஞ்சின வெட்டவெளியில நிக்க வைக்கிறாங்க. எதுக்குன்னு புரியுதாக்கா?"

அண்ணிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எனக்கு இன்னும் கொஞ்ச நேரம்.

"குண்டு இங்க விழணும்னா?" என்றார் அண்ணி. "பின்னாலயே நம்ம வீடுங்க இருக்கே. இத்தன பிள்ளைங்க இருக்குதுங்களே."

என் கணவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் ஒழுங்கா செஞ்சா இங்க விழும். ஒழுங்கா செய்யலன்னா அங்க விழும். அங்க நீ இருக்க." சொல்லிவிட்டு அண்ணி என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. எதிரில் என் கணவர் இருந்தார். அந்த இரண்டில் எதைச் சொல்வேன்? இருபது வயதில் ஒரு பெண்ணிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. ஆனால் கேட்காமல் முடிவு எடுக்கவும் அண்ணிக்கு மனம் வரவில்லை.

என் கணவர்தான் சொன்னார்: "எங்களுக்கு அபாயச் சங்கு ஊதுவாங்க. குழி வெட்டி வச்சிருக்கோம். ஓடக் காலிருக்கு. தொட்டில்ல கெடக்கிறது எங்கக்கா ஓடும்?"

அதன் பிறகு அண்ணி செய்தது இதுதான். எஞ்சினின் பக்கவாட்டையும் முகத்தையும் தார் பூசி முடித்தார். தரையில் நின்று பார்க்கிற அதிகாரிக்கு அது அச்சு அசல் எஞ்சின். முதுகுக்கு மட்டும் அடுப்புக் கரியை மரவள்ளிக் கஞ்சியில் குழைத்துப் பூசினார். அன்று பிற்பகல் மழையிலேயே அது கரைந்து வழிந்தது. மேலே வெறும் அத்தாப்புக் கூரை மிஞ்சியது. விமானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு முதுகுதானே தெரியும்? அவன் கண்ணுக்கு அது ஒரு நீளமான குடிசை. கீழே நிற்கிறவனுக்கு அந்த முதுகு தெரியாது, ஏணி வைத்து ஏறினால் ஒழிய.

ஏணி வைத்து ஏறியவர் கிராணி. அன்று நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அதிகாரி கீழே நின்று சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி மேலே போனார். அங்கேயே நின்றார். அவர் கை அத்தாப்பைத் தடவுவது தெரிந்தது. பிறகு தலையை நீட்டி அண்ணியைப் பார்த்தார்.

"இங்க என்ன பூசின?"

"கரி, ஐயா. மழையில போயிடுச்சு."

"தார் இல்லையா?"

"தீந்து போச்சு, ஐயா."

அண்ணியின் காலுக்குப் பக்கத்திலேயே பாதித் தாரோடு வாளி இருந்தது. கிராணியின் கண் அதன் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி மேலே பார்த்து ஏதோ கேட்டார். கிராணி எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் பார்த்தார். கொடியில் பிள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் குடும்பம் வேறு தெருவில், திடலுக்குத் தூரத்தில் இருந்தது. அவர் மேசை பட்டறை ஆபீசில் இருந்தது. ஜப்பான் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு நடந்தார். கிராணி ஏணியிலிருந்து இறங்கி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் பின்னாலேயே போய்விட்டார். என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் திரும்பி வந்து பிடிப்பார்கள் என்று நாங்கள் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் செத்துப் பிழைத்தோம். யாரும் வரவில்லை.

விமானங்கள் வந்தது நல்ல வெயில் நேரத்தில். சங்கு ஊதியதும் அண்ணியும் நானும் குழந்தையோடு கட்டிலுக்கு அடியில் புகுந்தோம். தரை அதிர்ந்தது. அலமாரியிலிருந்து முதலையும் ஆமைகளும் விழுந்து உருண்டன. ஆனால் சத்தம் தூரத்தில்தான் கேட்டது. வெளியே வந்தபோது திடலில் எஞ்சின் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. பட்டறை இருந்த திக்கில் வானம் கறுத்திருந்தது. "அங்க விழட்டும்னு நான்தானே விட்டேன், நான்தானே விட்டேன்" என்று அண்ணி அதையே சொல்லிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் என் கணவர் நடந்து வந்தார். சட்டை இல்லை, உடம்பெல்லாம் கரி. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அவர் திரும்பவில்லை. அவர் காது போயிருந்தது. கடைசிவரை ஒரு காதில் பாதிதான் திரும்ப வந்தது. குழிக்கு ஓட முடியாதவர்கள் பலர் அங்கேயே போய்விட்டார்கள். ஆபீஸ் கட்டடம் தரைமட்டம். கிராணி அதற்குள் இருந்தார்.

"ஒழிஞ்சான்லா" என்றார்கள் குவார்ட்டர்ஸில். அண்ணி மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஜப்பான்காரன் தோற்றான் என்ற செய்தி வந்து, வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேராத அந்த இடைவெளியில் ஊரில் சட்டம் என்று ஒன்று இல்லை. காட்டிக்கொடுத்தவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். ஒரு மத்தியானம் கட்டையும் கல்லுமாக ஒரு கூட்டம் கிராணி வீட்டுக்குக் கிளம்பியது. அவர் மனைவியும் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். அண்ணி செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அவர் போய் அந்த வீட்டுப் படியில் ஏறி நின்றுகொண்டார்.

"எஞ்சினோட முதுகுல நான் தார் பூசல" என்று கத்தினார். "உங்க பிள்ளைங்க மேல குண்டு விழக் கூடாதுன்னு பூசல. இந்த வீட்டுக்காரரு ஏணியில ஏறி அதப் பாத்தாரு. தார் வாளியையும் பாத்தாரு. காட்டிக்குடுத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் தல போயிருக்கும், உங்க வீடும் போயிருக்கும். அவரு உக்காந்திருந்த எடத்துல குண்டு விழும்னு தெரிஞ்சும் அவரு சொல்லல."

கூட்டம் நின்றது. முன்வரிசையில் பட்டறையில் கணவனை இழந்த ஒரு பெண் இருந்தாள், கையில் கல்லோடு. அவள்தான் முதலில் பேசினாள்.

"அப்படின்னா என் வீட்டுக்காரரு போனது உன்னாலயா?"

அண்ணியின் குரல் இறங்கிவிட்டது. "ஆமாம்மா" என்றார்.

அந்தக் கல் வரும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் தன் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அண்ணியின் ஆமையோடு விளையாடிய பிள்ளைதான். அவள் கல்லைக் கீழே போட்டாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அந்தப் பெண் அதன் பிறகு அண்ணியிடம் பேசியதே இல்லை. அவள் எதிரே வந்தால் அண்ணி வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்.

எல்லோரும் போன பிறகு கதவு கொஞ்சமாகத் திறந்தது. கிராணியின் மனைவி பாதி முகம் தெரிய நின்றார்.

"அக்கா, அவரு தெரிஞ்சேதான் சும்மா இருந்தாரா?"

"தெரிஞ்சேதாம்மா" என்றார் அண்ணி.

அந்த அம்மா தலையாட்டினார். பிறகு உள்ளே திரும்பி, "வெளிய வாங்க, பயப்படாதீங்க" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டார்.