பையை எப்போது உலுக்குவது?

தூசி பிடிக்கும் மெஷினை மாட்டப் போகிறவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் அதைக் கற்றுக்கொள்வதற்குள் மூன்று வேட்டி வீணாய்ப் போயிற்று. அதுவும் யுத்த காலத்தில், துணிக்கு ரேஷன் இருந்தபோது!

திருச்சியில் ஒரு மெஷின் கம்பெனிக்கு நான் ஃபிட்டர். ஊர் ஊராகப் போய் மெஷின் மாட்டி, மாட்டிய இடத்திலெல்லாம் பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பிய சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மெஷினில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. ஒரு காற்றாடி தூசிக் காற்றை இழுத்து, தகரக் கூண்டில் தொங்கும் ஆளுயரத் துணிப் பைகளுக்குள் தள்ளும். காற்று துணி வழியாக வெளியேறிவிடும், தூசி உள்ளே தங்கிவிடும். தூசி அடையாகப் படிந்துவிட்டால் காற்றுக்கு வழியில்லாமல் மாவெல்லாம் மில்லுக்குள்ளேயே புகையும். அதற்கு முன்னால் காற்றாடியை நிறுத்தி, பைகளை உலுக்கி, தூசியைக் கீழே கொட்டவேண்டும். அடிக்கடி உலுக்கினால் துணி கிழியும், நேரம் தவறினால் அடைத்துக்கொள்ளும். சரி, எப்போது உலுக்குவது? அதை யார் சொல்வது? ஆளா, கடிகாரமா, வேறு ஏதாவது கருவியா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் அரியலூரில் இரண்டு மாசம் என் பிராணன் போயிற்று.

தீபாவளி வாய்தா

அது சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைக்கிற மில். முதலாளி சபாபதி கையை வீசிப் பேசுகிற மனுஷர். மாவை மூட்டை பிடிக்க ஐந்து பெண்கள் இருந்தார்கள். தூசி தாங்காமல் நாலு பேர் ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பு வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் அஞ்சலை. நாற்பது வயசு இருக்கும். புருஷனுக்கு வண்டிச் சக்கரம் ஏறிக் கால் போய்விட்டதால் அவரை விட்டுவிட்டு வெளியூர் போக முடியாது. வேலையை விட்டால் அடுப்பு எரியாது, விடாவிட்டால் இருமல் ஆளையே தின்றுவிடும் போலிருந்தது. நான் போன அன்றைக்கு அந்தம்மா இருமிய இருமலைக் கேட்டு எனக்கே நெஞ்சு வலித்தது.

ஆள் இல்லாமல் மில் படுத்துவிடுமே என்றுதான் முதலாளி எங்கள் மெஷினுக்குச் சம்மதித்தார். ஆனால் அதன்மேல் அவருக்குத் துளி நம்பிக்கை இல்லை. நான் பைகளைத் தொங்கவிட்டு முடித்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள தூசி நிக்கலைன்னா இத்தனை பையையும் கிழிச்சு ஆளுக்கொரு துண்டா குடுத்துடுவேன். ஊரே கட்டத் துணியில்லாம கெடக்கு, எனக்குப் புண்ணியமாவது கெடைக்கும்."

காதர் பாய் கை

முதலில் ஆளையே நம்பினேன். எஞ்சின் டிரைவர் காதர் பாய் முப்பது வருஷ அனுபவஸ்தர். எஞ்சின் முக்கினாலும் முனகினாலும் அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். "பாய், உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப உலுக்குங்க" என்று பையை உலுக்குகிற லீவரை அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திருச்சிக்குப் போனேன். எனக்குப் புத்தி இருந்தால் அன்றைக்கே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து வந்தால் இரண்டு பை தையல் விட்டுத் தொங்குகிறது. மில் முழுக்க வெள்ளை. பாய்க்கு யார்மேல் கோபம் வந்தாலும் அதெல்லாம் லீவர்மேல் இறங்கியிருக்கிறது. முதலாளி ஏசிய நாட்களில் மணிக்குப் பத்துத் தடவை, மனசு குளிர்ந்த நாட்களில் ஒரு தடவைகூட இல்லை. மாற்றுப் பைக்குத் துணி வாங்க நான் எந்த ரேஷன் ஆபீஸ் வாசலில் போய் நிற்பது? தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாய் பக்கத்தில் வந்து குந்தினார்.

"கோவிச்சுக்காத தம்பி. அல்லா சத்தியமா சொல்றேன், இந்த லீவர் வந்த நாளா என் வூட்டுல நான் யாரையும் ஒரு வார்த்தை திட்டல."

பெரம்பலூர்க் கடிகாரம்

பெரம்பலூரில் ஒரு பஞ்சு மில்லில் கடிகாரம் வைத்து வேலை நடப்பதாகக் கேள்விப்பட்டு, பெட்ரோல் இல்லாத காலத்தில் கரிப் புகையில் ஓடிய கரி பஸ்ஸில் பாதி தூரம் உட்கார்ந்தும் பாதி தூரம் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டும் போய்ச் சேர்ந்தேன். உண்மைதான். மணிக்கொரு தடவை கடிகாரம் அடிக்கும், உடனே பையை உலுக்குவார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆகா, விடை கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு வந்து அரியலூரிலும் ஒரு கடிகாரத்தை மாட்டினேன்.

நாலு நாள் சொர்க்கம். ஐந்தாம் நாள் புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக் கல் வந்தது. ஈர மாவு கால் மணியில் பையை அடைத்துவிட்டது. மீதி முக்கால் மணி நேரமும் மில் புகைந்தது, கடிகாரம் மட்டும் டிக் டிக்கென்று நிம்மதியாக ஓடியது. மறுநாள் கல் வண்டியே வரவில்லை. அப்போதும் மணிக்கொரு தடவை வெறும் பையை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரம்பலூரில் பஞ்சு கொட்டகையில் நனையாமல் கிடக்கும், நாள் முழுக்க ஒரே அளவாக வரும். இங்கே கல் வருவது மழையையும் மாட்டையும் பொறுத்தது. இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றாமல் போனதே என்று ஆத்திரமாக வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அஞ்சலை கேட்டார்:

"ஏங்க பிட்டரய்யா, கடியாரத்துக்கு இருமலா வருது? அது பாட்டுக்கு அது நேரத்துக்குத்தானே அடிக்கும்?"

கஞ்சி போட்ட பைகள்

இதற்கு நடுவில் முதலாளி எனக்கு உதவி செய்ய நினைத்தார். பெரிய மனுஷர்கள் உதவி செய்யக் கிளம்பினால் நம் பாடு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பைகள் அழுக்காக இருக்கின்றன என்று அத்தனையையும் கழற்றி, வெளுக்கப் போட்டுவிட்டார். உள்ளே லேசாக ஒரு பூச்சு மாவு படிந்திருந்தால்தான் துணி நைசுத் தூசியைப் பிடிக்கும் என்று நான் சொல்லி வைத்திருந்தது காற்றோடு போயிற்று.

வெளுக்கிறவரும் நல்ல மனசோடு, முதலாளி வீட்டுத் துணி ஆயிற்றே என்று, கெட்டியாகக் கஞ்சி போட்டு, நீலம் போட்டு, பெட்டி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டினால் பை விறைத்துக்கொண்டு நிற்கிறது. காற்று ஒரு பொட்டு வெளியே வரவில்லை. கஞ்சி போக அலசி, காயவைத்து, மறுபடி மாட்ட மூன்று நாள். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாசம்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளுத்தவர் மட்டும் அசரவில்லை.

"இந்த மாதிரி மடிப்புக் கலையாத வெளுப்பு ஜில்லாவுலயே எவனும் வெளுக்க மாட்டான். நீங்க காத்து போவணும்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

தக்கையும் சந்தனமும்

கடைசியில் பையையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் பாதி தண்ணீர். ஒரு முனை பைக்குப் போகும் காற்றோடு சேர்ந்திருக்கும், மறுமுனை திறந்திருக்கும். பை அடைக்க அடைக்கக் காற்று தண்ணீரை அழுத்தும். திறந்த பக்கம் தண்ணீர் ஏறும். அதில் மிதக்கும் தக்கை இரண்டு விரற்கடை ஏறி ஒரு கம்பியைத் தள்ளி இன்னொரு கம்பியோடு சேர்த்தால் பாட்டரி மணி அடிக்கும். ஈரக் கல்லுக்குச் சீக்கிரம் அடித்தது, காய்ந்த கல்லுக்கு மெதுவாக அடித்தது, கல் இல்லாத நாளில் வாயே திறக்கவில்லை. நான் குதித்த குதியைப் பார்த்து காதர் பாய் எஞ்சினையே நிறுத்திவிட்டார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்த மறுநாள் மில்லை ஓட்டினால் மணி அடிக்கவே இல்லை. மில் புகைகிறது, தக்கை அசையக் காணோம். குழாயைக் கழற்றப் போனேன். திறந்த வாயில் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகி, விழாமல் இருக்கச் சுற்றிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தார்கள். காற்று போக வழியில்லாமல் தண்ணீர் எப்படி ஏறும்? நான் போட்ட கூச்சலில் முதலாளியே வந்துவிட்டார்.

"கத்தாதீங்க தம்பி. எஞ்சினுக்கு வச்சோம், உரலுக்கு வச்சோம், உங்க குழாய மட்டும் விட்டா அது மனசு என்ன பாடுபடும்?"

சாப்பாட்டுப் பரீட்சை

பூவை எடுத்ததும் மணி அடித்தது. ஆனால் இன்னொரு வம்பு: எஞ்சின் ரூம் சத்தத்தில் காதர் பாய்க்கு மணி கேட்கவில்லை. மூட்டை பிடிக்கும் இடத்தில் இருந்த அஞ்சலைக்குத்தான் முதலில் கேட்டது. அவர் ஓடிப்போய்க் கத்தி, பாய் எழுந்து வருவதற்குள் புகை கிளம்பிவிடும். லீவரை அஞ்சலை பக்கமே வைத்துவிடலாம் என்றேன். முதலாளி ஒரே பாய்ச்சல். "பொம்பள ஆளு காத்தாடி பெல்ட் கிட்ட போயி, முந்தானை மாட்டுச்சுன்னா யாருய்யா பதில் சொல்றது?" நியாயமான பயம். பெல்ட்டுக்கும் அவருக்கும் நடுவில் பலகைத் தடுப்பு அடித்து, இந்தப் பக்கம் இரண்டு கயிற்றை மட்டும் தொங்கவிட்டேன். ஒன்றை இழுத்தால் காற்றாடி நிற்கும், மற்றதை இழுத்தால் பை உலுங்கும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் முதலாளி டிபன் கேரியரோடு வந்து, மூட்டைகளுக்கு நடுவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். "இங்கயே சாப்பிடுறேன். சோத்துல சுண்ணாம்பு விழுந்தா பை கீழ எறங்கும்." ஈரக் கல், ஓடுகிற மில். மணி அடித்தது. அஞ்சலை ஒரு கயிற்றை இழுத்தார், மற்றதைப் பத்துத் தடவை ஆட்டினார், தூசி அடங்கும்வரை நிதானமாக நின்றார், மறுபடி காற்றாடியை விட்டார். முதலாளி மோர் வரைக்கும் சாப்பிட்டு, கை கழுவி, ஏப்பம் விட்டுவிட்டு எழுந்தார்.

"சுண்ணாம்பு இல்ல தம்பி, பை இருக்கட்டும். ரசத்துல உப்பும் இல்ல, அத நான் வூட்டுல பேசிக்கிறேன்."

அஞ்சலை சொன்னது

தை பிறந்ததும் மெஷினைப் பார்க்க மறுபடி அரியலூர் போனேன். முந்திரிக்குப் போன நாலு பேரில் மூன்று பேர் திரும்பி வந்து மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை கயிற்றுப் பக்கம் நின்றுகொண்டு அவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். குரல் கணீரென்று இருந்தது. ஆளே கொஞ்சம் சதை பிடித்திருந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், சிரிப்பை அடக்கத்தான்.

"அத ஏங்க கேக்குறீங்க, ஒருநா விடியக்கால எங்க வூட்டுக்காரரு என்னப் புடிச்சு உலுக்கி எழுப்பிட்டாரு, இருமல் சத்தம் கேக்கலியாம், போய்ச் சேந்துட்டேன்னு நெனச்சு அழுதுட்டாருங்க மனுஷன்!"

கம்பெனி ஃபாரத்தில் 'மெஷினைக் கட்டுப்படுத்துவது எது' என்ற கட்டத்தில் 'தண்ணீர்க் குழாய், மணி' என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன், ஏனென்றால் அஞ்சலை என்று எழுதியிருந்தால் அந்த மாதிரி ஒன்று ஸ்டாக்கில் இல்லை என்று திருச்சியிலிருந்து பதில் போட்டிருப்பார்கள்.