பெய்யாத மழைக்கு ஒரு ஓட்டு

எங்கள் மாமா எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் அது வானிலையில் போய்த்தான் முடியும். கல்யாண வீட்டில் மற்றவர்கள் பெண் எப்படி, பிள்ளை எப்படி என்று அலசிக்கொண்டிருக்க, இவர் பந்தலுக்கு வெளியே போய் நின்று மேற்கே பார்ப்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, "இன்னிக்கு என்ன இப்படிப் புழுங்கறது" என்றுதான் ஆரம்பித்தாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். மாமாவுக்கு அப்படி ஒரு கூச்சம். மனசில் இருப்பது வாய்க்கு வருவதற்குள் வழியில் எங்கேயோ மேகமாகவும் காற்றாகவும் மாறிவிடும்.

அவர் அம்மாவின் தம்பி. கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில், கோதுமை வியாபாரக் கம்பெனி ஒன்றில் இரண்டு வருஷம் கணக்கு எழுதிவிட்டு, தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வரும்போது முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு கம்பளிக் கோட்டையும் கொண்டு வந்தார். அது நாலு பக்கமும் பாச்சை உருண்டை வாசனை வீச, எங்கள் கூடத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் அதைப் பார்த்தாலே எங்களுக்கு வியர்க்கும்.

வின்னிபெக் மாமாவுக்காகவே உண்டாக்கப்பட்ட ஊர் என்று அப்பா சொல்வார். அங்கே இரண்டு பேர் சந்தித்தால் வானிலை பேசிவிட்டுப் பிரிந்துவிடலாம், மேற்கொண்டு யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமை வயல், ஒரு மேடு கிடையாது. மழை எங்கோ புறப்பட்டு வருவதை வாசலில் நின்றபடி பார்க்கலாம். அரை மணியில் வரும் என்று ஒருவர் சொன்னால் அரை மணியில் வந்து கதவைத் தட்டும். அந்த ஊர்ப் பேப்பரில் வருஷக் கடைசியில், இன்ன வருஷம் இன்ன வானிலைதான் பிரமாதம் என்று வருஷா வருஷம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போடுவார்களாம். பஸ்கள் பனியில் புதைந்த வருஷம், எலுமிச்சம்பழம் அளவு ஆலங்கட்டி விழுந்து கார்களுக்கெல்லாம் அம்மைத் தழும்பு வந்த வருஷம், ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட வருஷம் என்று மாமா வரிசையாகச் சொல்வார். நாங்கள் மொகலாய ராஜாக்களை ஒப்பிப்பதைவிடச் சுத்தமாக ஒப்பிப்பார்.

அந்தப் பைத்தியம் எங்கள் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. டிசம்பர் முப்பத்தொன்று சாயங்காலம், கச்சேரிக்குப் போகிறேன் என்று சபா கேண்டீனுக்குப் போன அப்பா திரும்பி வந்ததும், கூடத்தில் எல்லாரும் உட்காருவோம். அந்த வருஷத்துச் சென்னை வானிலையில் எது பெரியது என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். அப்பாதான் நீதிபதி. சொன்னதை வீட்டில் இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும், சாட்சி இல்லாத வானிலை செல்லாது. கடைசியில் கை தூக்கி ஓட்டு. வேளச்சேரிப் பெரியப்பா வீட்டு சோபா மிதந்த மழை ஒரு வருஷம் ஜெயித்தது. பெரியப்பா குடும்பம் மொத்தமும் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்ததால் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று அம்மா மயங்கி விழுந்த வெயில் இன்னொரு வருஷம் ஜெயித்தது. அதற்கு அம்மாவே ஓட்டுப் போடவில்லை.

நான் சொல்ல வந்தது, மாமா தோற்ற வருஷத்தைப் பற்றி.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் தெருவில் ஒரு மாடி அறையில் ஹிந்தி மிஸ் சாயங்காலம் டியூஷன் எடுத்துவிட்டு, அடையாறுக்கு பஸ் ஏறிப் போவார். மெல்லிய குரல், ஆனால் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். என்னைக் கூட்டிப்போக வரும் சாக்கில் மாமா டியூஷன் முடிவதற்கு வெகு நேரம் முன்னாலேயே வந்து மாடிப்படி அடியில் நிற்பார். மிஸ் இறங்கி வந்ததும் இவர் அன்றைய ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்வார். மிஸ் அதையும் ரசித்துக் கேட்பார். இது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். தம்பிக்கு முப்பத்து நாலு வயதாகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த அம்மா, ஜாதகத்தை வாங்கிக்கொண்டு வரவா என்று எத்தனையோ தடவை கேட்டாள். மாமாதான் பிடி கொடுக்கவில்லை.

"அவாளுக்கு இஷ்டமான்னு தெரியாம நாம போய்க் கேட்டா, மரியாதைக்காக சரின்னுடுவா அக்கா. அது தப்பு" என்பார்.

இதற்குள் வின்னிபெக் கம்பெனி அவரைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. ஆகஸ்டில் ஒருநாள், மிஸ்ஸுக்கு நாக்பூரில் ஒரு வரன் வந்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை அவர் அப்பா வாக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் கோயில் வாசலில் அம்மாவுக்குச் சேதி கிடைத்தது. டியூஷனும் அந்த வாரத்தோடு நின்றுவிடுமாம். அம்மா வந்ததும் வராததுமாக மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போ. ஒரு வார்த்தை கேட்டுடு. அவளுக்குச் சம்மதம்னா ராத்திரியே நான் அடையாறுக்குப் போய் அவ அப்பாகிட்ட பேசிடறேன்."

மாமா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். மேற்கே அட்டகாசமாகக் கருத்திருந்தது. பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தைரியம் வந்தது. மழை பிடித்துக்கொண்டால் பஸ் ஸ்டாப் கூரைக்கு அடியில் அரை மணியாவது நிற்க வேண்டியிருக்கும், அந்த அரை மணியில் கேட்டுவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அம்மா ஒரே ஒரு குடையை எடுத்து நீட்டினாள். மூணு பேருக்கு ஒரு குடை எப்படிப் போதும் என்று நான் கேட்டதற்கு, "உனக்கு ஒண்ணும் ஆகாது, நனைஞ்சுண்டு வா" என்றாள். பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன்.

லஸ் முனையில் பஸ் ஸ்டாப். வானம் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு துண்டாகத்தான் தெரிந்தது. அந்தத் துண்டு முழுக்கக் கருமேகம். மாமா எனக்கு வறுத்த கடலை வாங்கிக் கொடுத்து வாயை அடைத்துவிட்டு, மிஸ் பக்கத்தில் போய் நின்றார்.

"இன்னும் கால் மணியில வந்துடும்" என்றார்.

"அப்படியா? பெரிய மழையா?" என்று மிஸ் கேட்டார்.

"நல்ல மழை. காத்து விழுந்துடுத்து பாருங்கோ."

இருபத்தொன்பது சி பஸ் வந்தது. மிஸ் ஏறவில்லை, கூட்டமாக இருக்கிறது, அடுத்ததில் போகிறேன் என்றார். மாமா இதற்கிடையே மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியை விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த பஸ் வந்தது. அதில் உட்கார இடம்கூட இருந்தது. மிஸ் மாமாவின் முகத்தைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த பஸ்ஸும் போனது. "நீங்க திரும்பவும் கனடாவுக்குப் போகப் போறேளாமே?" என்று மிஸ் கேட்டார். "இன்னும் முடிவு பண்ணலை. அங்கே இப்போ கோதுமை அறுப்பு சமயம், ஆலங்கட்டி விழாம இருக்கணும்" என்றார் மாமா. மிஸ் சிரித்தார், ஆனால் தெருமுனை வரை கேட்கிற சிரிப்பு இல்லை.

கடலை வண்டிக்காரர் என்னைக் கூப்பிட்டு, "இன்னா பாப்பா, உங்க மாமா மேலயே பாத்துகினு கீறாரு? ஏரோப்ளேன் எதுனா தொலச்சிட்டாரா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் மாமா சொன்னால் மழை வரும் என்று அடித்துச் சொன்னேன்.

அப்போதுதான் கிழக்கேயிருந்து காற்று வந்தது. உப்பு வாசனையோடு சில்லென்று கடல்காற்று. எனக்குச் சுகமாக இருந்தது. மாமாவின் முகம் மட்டும் செத்துப்போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகத் துண்டு கிழிந்து, நடுவில் வெளிறிய வானம் தெரிந்தது. இன்னொரு பஸ் வந்து நின்றது.

"பெய்யாது போல இருக்கே" என்றார் மிஸ்.

"இருங்கோ, காத்து மறுபடி திரும்பினா…" என்று மாமா இழுத்தார்.

மிஸ் ஒரு நிமிஷம் நின்றார். கண்டக்டர் விசில் கொடுத்தார். மிஸ் என் கன்னத்தைத் தட்டி, ஹிந்தியை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா, "கடல்காத்தை மறந்துட்டேன், கடல்காத்தை மறந்துட்டேன்" என்று முனகிக்கொண்டே வந்தார். வின்னிபெக்கில் கடல் கிடையாது. வாசலில் காத்திருந்த அம்மா, "கேட்டியா?" என்றாள். மாமா குடையைக் கொடுத்துவிட்டு, "மழை வரலை" என்றார்.

ஆவணியில் நாக்பூரில் மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆயிற்று.

அந்த வருஷக் கடைசியில் கூடத்தில் கூடினோம். வெற்றி ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது. நவம்பர் புயலில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்துபோய், அடுத்த தெருவில் ஒருவர் வீட்டு மாமரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. தெருவே பார்த்த வானிலை அது. எல்லாரும் அதையே சொன்னோம். மாமாவின் முறை வந்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆகஸ்டில ஒருநாள் லஸ்ஸில மழை வரல" என்றார்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வராத மழையையெல்லாம் கணக்கில் சேர்த்தால் சென்னைக்கு வருஷம் போதாது என்றார். பிறகு நீதிபதிக் குரலில் சாட்சி உண்டா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

எனக்கு ஒரே பெருமை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கறுப்பாக இருந்தது, கடலை தின்றேன், கடல்காற்று வந்தது, ஒரு சொட்டுகூட விழவில்லை. மிஸ் பாவம், ரெண்டு மூணு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார் என்றேன்.

அம்மா நிமிர்ந்தாள். "எதுக்குடி பஸ்ஸை விட்டா?"

"மழை வரும்னு மாமா சொன்னாரில்லையா? பயந்துண்டு நின்னா."

அப்பா மறுபடி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தம்பியைப் பார்த்து, "மழைக்குப் பயந்தவ வந்த பஸ்ஸுல ஏறாம தெருவுல நிப்பாளாடா?" என்றாள்.

மாமா ஆணியில் தொங்கிய கோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் வானத்தைப் பாத்துண்டிருந்தேன் அக்கா" என்றார். அப்போது ஓட்டெடுப்பு ஏன் தாமதமாகிறது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அப்பாவும் ஒருவழியாக ஓட்டுக் கேட்டார். தொட்டி மூடிக்கு நான் கை தூக்கினேன், அப்பா தூக்கினார். பெய்யாத மழைக்கு அம்மா மட்டும் தூக்கினாள். மாமா தன் கையைத் தொட்டி மூடிக்குத் தூக்கினார். தோல்வியை இவ்வளவு பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கிறாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்பு கூடிப்போயிற்று.

தை பிறந்ததும் கோட்டை எடுத்துக்கொண்டு மாமா வின்னிபெக்குக்கே போய்விட்டார். கூடத்தில் ஆணி மட்டும் மிஞ்சியது. அடுத்த ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், மேற்கே கருத்து, கடல்காற்று எட்டிப் பார்க்காமல், லஸ் முனை முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கும்படி கொட்டித் தீர்த்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டு வந்த நான், மாமாவுக்குச் சொல்ல வேண்டும் என்று அதை அப்படியே மனசில் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

டிசம்பர் முப்பத்தொன்றன்று மாமா போன் செய்தார். அந்த ஊர் வானிலையைச் சொன்னார். ஏதோ ஒரு பனிப்புயல். ஐ.எஸ்.டி. பேசும்போது கத்த வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அப்பாவிடமிருந்து ரிசீவரைப் பிடுங்கி, "மாமா, இந்த வருஷம் பெஞ்சுது! ஆகஸ்டில, லஸ்ஸில, நீங்க சொன்ன மாதிரியே! பஸ்ஸே போகல மாமா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஹலோ ஹலோ என்று இன்னும் இரண்டு தடவை கத்திப் பார்த்தேன். லைன் கட்டாயிடுத்தும்மா என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி வெகு நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். கட்டாகிப்போன போனில் அப்படி என்னதான் கேட்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.