காயாவில் கட்டிய துணி

ரோசம்மாள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. சிறுவயதில் எங்கள் காலனிக்குப் பின்னால் இருக்கும் காட்டில் ஆடு மேய்த்தவள். அந்தக் காட்டை ஒரு கம்பெனி குடோன் கட்டக் கேட்டது. வெறும் கருவேலம் புதர் என்று மனுவில் எழுதியிருந்தது.

பழைய காடு என்று காட்டினால் நிலம் தப்பும். சாட்சி காயா. வெட்டுப்படாத மண்ணில், மர நிழலில் தானாக வரும் செடி. பங்குனியில் சில நாள் மட்டும் கட்டைக் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலமாய்ப் பூக்கும். காட்டுக்காகப் போராடும் எங்கள் தொழிலாளர் சங்கத்தில் அதை இனம் காட்டத் தெரிந்தவள் ரோசம்மாள் ஒருத்திதான்.

அன்புராஜ் பதினெட்டு வருடம் எங்களோடு கொடி பிடித்தவன்.

"யக்கா, காட்டப் பாத்து எழுத ஆபீசர் செவ்வாக்கெழம வராரு. எங்கெங்க கீதுன்னு அடையாளம் கட்டி வுடு. நான் இட்டுக்கினு போய் காட்டறேன்."

"சீக்கிரம் வரச் சொல்லுடா. பூ உதுந்துடும்."

சிவப்புப் புடவையைக் கிழித்து நாற்பத்தொரு செடியில் கட்டினாள். எங்கள் பக்கம் துணி கட்டினால் அது வேண்டுதல் செடி. யார் சாமியானாலும் ஒருவரும் கத்தி வைக்க மாட்டார்கள். அந்தத் தைரியம் அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் நாற்பத்தொன்றும் அடியோடு வெட்டு. கிளைகளைக்கூட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கருவேலத்தில் ஒரு கீறல் இல்லை.

"பூ எங்கம்மா?" என்றார் ஆபீசர்.

அவள் அடிக்கட்டையைக் காட்டினாள்.

"கட்டையப் பாத்து எழுத முடியாதும்மா." கருவேலம் என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரோசம்மாள் குனிந்தாள். சிவப்புத் துணிகள் ஒரு கல்லின் மேல் அடுக்கியிருந்தன. ஒன்றும் வெட்டுப்படவில்லை. எல்லாம் முடிச்சு அவிழ்த்தவை.

"வெளியாளா இருந்தா துணியோட சேத்து வெட்டிருப்பான்டா அன்பு."

அன்புராஜ் தலை நிமிரவில்லை. "பையனுக்கு கம்பெனில பெர்மனென்ட் வேல போட்டுத் தரேன்னாங்கக்கா."

"என்னாண்ட கேட்டுக்கினுதான் வெட்டின. நான் கட்டாட்டி உனக்கு காயா எது, காரை எதுன்னு தெரியுமா?"

அவள் துணிகளை அள்ளிக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கட்டையிலும் குனிந்து குனிந்து மறுபடி கட்டினாள். வெயில் ஏறிவிட்டது. கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப அவுருடா. நான் பாத்துக்கினு நிக்கிறேன்."

அவன் ஒரு முடிச்சையும் தொடாமல், கழற்றி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.