இரண்டு கிழமைக்கு ஒரு ஓர்க்கிட்

என்னோடு படிப்பித்த சங்கீத ரீச்சர் அந்தச் சட்டியை என் கையில் தந்தபோது அதில் ஒரு பூக்கூட இல்லை. கரித்துண்டுகளுக்கு நடுவே விரல் தடிப்பில் நாலைந்து தண்டுகள், தண்டுக்கு மூன்று நாலு இலைகள், அவ்வளவுதான். டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டாம். ஒரு காலத்தில் பேராதனையிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம்.

"இரண்டு கிழமைதான் ரீச்சர். வந்து வாங்கிறன். கரித்துண்டுக்குள்ளைதான் இருக்கவேணும், மழைத்தண்ணிதான் விடவேணும்" என்றார்.

சண்டை நடந்த அந்த நாளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று இன்னொருவர் பிணை நிற்கவேண்டும். அவர் வரும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது. ரீச்சரின் தாய் கொழும்பில் படுத்த படுக்கையாம். எட்டு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படிப்பித்தவர் கேட்கும்போது எப்படி மறுப்பது? கையெழுத்துப் போட்டேன். பிணையும் நான், செடியும் என் தலையில்.

இரண்டு கிழமை இரண்டு மாதமானது. பிறகு மூன்று மாதம் கழித்து ஜேர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "ஓர்க்கிட் சுகமா? நேர் வெயிலில் வைக்கவேண்டாம்." பிணையைப் பற்றி ஒரு வரி இல்லை. கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அன்றைக்குத் தேத்தண்ணீர் கொதித்தது அந்தக் கோபத்தில்தான்.

எனக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் இருந்தது. என் கணவர் கனடாவில். கலியாணம் முடித்து நாற்பது நாள் ஒன்றாக இருந்தோம், பிறகு ஐந்து வருஷம் கடிதத்தில் குடும்பம் நடத்தினோம். என்னைக் கூப்பிடுவதற்கான கடதாசிகள் கொழும்பு வரைக்கும் வந்துவிட்டன. நான் போய் நேர்முகத்துக்கு நிற்கவேண்டியதுதான் பாக்கி. பாஸ் கந்தோருக்கு மூன்று தரம் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மூன்று தரமும் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "உங்கடை ரீச்சர் இன்னும் வரேல்லையே அக்கா. அவ வந்தாப் பிறகு வாங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அந்தச் சட்டி. எங்கள் கொக்குவில் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு கட்டுகிற தண்ணீர். அதை ஊற்றினால் இலையெல்லாம் வெள்ளை படியும். மாரியில் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து மூடி வைத்து, கோடை முழுக்க ஒரு பேணி அளந்து விட்டேன். சிரட்டைக்கரி அயன் பெட்டிக்கே போதாத காலத்தில் அதற்கும் கரி போட்டு, நான் கசங்கின சேலையோடு பள்ளிக்கூடம் போனேன். ஹெலிச் சத்தம் கேட்டால் சட்டியையும் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவேன். அங்கே எனக்கும் மூச்சு முட்டும், அதற்கும் முட்டியிருக்கும். அது செத்தால் ரீச்சர் வரவே மாட்டார், நானும் போகவே மாட்டேன் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. படித்த பெண்தான், என்ன செய்வது.

அண்ணைக்கு இதெல்லாம் பகிடி. எங்கள் வீட்டில் நானும் அவரும்தான். அவர் கலியாணம் கட்டாதவர், கோண்டாவில் பக்கம் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்கிறவர். "மண் வேண்டாத செடி ஊரிலை நிக்கிற செடியில்லை" என்பார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், சட்டி நிறையச் செம்மண். போதாததற்கு மாட்டெருவும் கலந்திருந்தது.

"ஆரைக் கேட்டு மண் போட்டனீங்கள்?" கத்திவிட்டேன்.

"பயிர் ஒண்டு வேர் மேலை கிடந்து தவிக்குது. பாத்துக்கொண்டு இருக்கவோ?"

மண்ணைக் கழுவி, அழுகின வேர்களை வெட்டினேன். அவர் பக்கத்தில் குந்தி, சட்டிக்குள் முகத்தை விடுகிற மாதிரிக் குனிந்து பார்த்தார். "கறுத்துப் போச்சோ? எனக்குத் தெரியேல்லை" என்றார். அப்போதுதான் அவருடைய கண்ணைச் சரியாகப் பார்த்தேன். இரண்டிலும் வெள்ளை படர்ந்திருந்தது. இங்கே கண் ஒப்பரேசனுக்கு வசதியில்லை, தாமதிக்காமல் கொழும்புக்குப் போகச் சொல்லி டொக்டர் சொன்னாராம். வெங்காயம் கிண்டி முடியட்டும் என்று அவர் இருந்திருக்கிறார்.

நாலாம் தரம் கந்தோருக்குப் போனபோது மேசைக்காரருக்கு இரக்கமோ அலுப்போ, ஒரு வழி சொன்னார். என் இடத்தில் வேறு ஒருவர் பிணை நின்றால் நான் போகலாம். ஆனால் ரீச்சருக்கும் சேர்த்து, எனக்கும் சேர்த்து நிற்கவேண்டும்.

அண்ணையிடம் நான் கேட்கவில்லை. கேட்காமல், விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு அவருக்குச் சோறு போட்டேன். கேட்பதிலும் கெட்ட வேலை அது.

"நான் நிக்கிறன். நீ போயிட்டு வா" என்றார்.

"இரண்டு கிழமைதான் அண்ணை. நான் வந்து ரீச்சரின்ரை பிணையைத் திரும்ப என்ரை பேரிலை எடுக்கிறன், உடனை நீங்கள் கண்ணுக்குப் போங்கோ."

"ஓம், ஓம்."

அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நம்பவில்லை.

வெளிக்கிடும்போது சட்டியை அவர் கையில் கொடுத்தேன். கரி, மழைத்தண்ணீர் என்று எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்த வருஷம் அவருடைய கடிதம் கொழும்பு விலாசத்துக்குப் போய், அங்கிருந்து ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தது. எழுத்து அவருடையதல்ல. அவர் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மாஸ்டர் எழுதியிருந்தார்.

"தங்கச்சி, உன்ரை செடி பூத்திட்டுது. மண் போடேல்லை, கரிதான். ஊதா நிறம் எண்டு மாஸ்டர் சொல்லுறார். நானும் கிட்டப் போய்ப் பாத்தன், எனக்கு வெள்ளையாத்தான் கிடக்குது. கண்ணுக்குப் போகலாமெண்டு பாஸ் கேட்டனான். நீ வந்தாப் பிறகு வரட்டாம். அவசரமில்லை. நீ ஆறுதலா வா."

நாலு நாள் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள் பதில் எழுத உட்கார்ந்தேன். வரமாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. வருவேன் என்று எழுதவும் வரவில்லை. கடைசியில், பூ வந்த தண்டை வெட்டவேண்டாம், செடியை நேர் வெயிலில் வைக்கவேண்டாம் என்று எழுதி ஒட்டினேன்.