மச்சான் விட்டுப்போன கோழி

என் லாத்தா இத்தாவில் இருந்தபோது வீட்டுக் கோழிக்கு நோய் வந்தது. லாத்தா என்றால் அக்கா. புருஷன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பதைத்தான் நாங்கள் இத்தா என்போம். லாத்தாவுக்கு அப்போது இரண்டு மாதம் முடிந்திருந்தது.

லாத்தாவின் புருஷன், என் மச்சான், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். தண்டையார்பேட்டையில், டோல்கேட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், எங்கள் அத்தா, அதாவது அப்பா, கட்டிய வீட்டின் பின்பக்கத்து அறைகளில் இருபத்தாறு வருஷம் இருந்தார். துறைமுகத்துக்குள் போகிற கன்டெய்னர் லாரிகளுக்குச் சீட்டு எழுதுவது அவர் வேலை. குழந்தை இல்லை. வேலை முடிந்து வந்தால் கோழிகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். நானும் அவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான். ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மூன்று நாள் அக்கம்பக்கத்தார் சோறு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்துகொண்டே இருந்தார்கள். மச்சான் விட்டுப்போன ஐந்து கோழிகளில் நான்கு அவர்களுக்குக் குழம்பு வைத்ததில் தீர்ந்துபோயின. நான்தான் அறுத்தேன். ஐந்தாவதைப் பிடிக்கப் போனபோது மட்டும் லாத்தா, அது இருக்கட்டும் என்றாள். கறுப்பு உடம்பில் செம்பழுப்புப் புள்ளி போட்ட நாட்டுக்கோழி. விட்டுவிட்டேன்.

என் மனைவி மகளின் பிரசவத்துக்காக வாணியம்பாடி போயிருந்தாள். வீட்டில் நானும் லாத்தாவும் மட்டும். நானோ காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பழைய பிளேட், ஆங்கிள், கம்பி வாங்கி வெட்டி விற்கிற சின்னக் கடை எனக்கு. அந்தத் தொழிலுக்குக் கண்தான் முதல். துருப்பிடித்த சாமான் ஏற்றிக்கொண்டு லாரி உள்ளே நுழையும்போதே எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன். எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் எதையும் ஒருமுறை பார்த்து முடிவு கட்டிவிடுகிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டிலும் அப்படித்தான். காய்ச்சல் வந்தவனைப் பார்த்தால் இது நாளைக்குச் சரியாகிவிடும் என்பேன், வந்த மாப்பிள்ளையைப் பார்த்தால் இவன் தேற மாட்டான் என்பேன். என் மனைவிக்கு இந்தக் குணம் அறவே பிடிக்காது.

கோழி ஒருநாள் இரை எடுக்காமல் மூலையில் நின்றது. மறுநாள் இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. கொண்டை கறுத்துப் போயிற்று. நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் தாங்கும் என்று தோன்றியது. லாத்தாவிடம் சொல்லவும் செய்தேன்.

அவள் அதைக் காதில் வாங்காமல், நீ போய் டாக்டரிடம் காட்டிக்கொண்டு வா என்றாள். அவளால் வெளியே போக முடியாது. ஒயர் கூடையில் சாக்கு விரித்துக் கோழியை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, கடைக்கு லீவு விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் துண்டை விலக்கிப் பார்த்து, வீட்டில் இன்னைக்கு விசேஷமா பாய் என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்றேன். ஆட்டோ முழுக்கச் சிரித்தது. கால்நடை ஆஸ்பத்திரியிலும் நிலைமை அப்படித்தான். வரிசையில் எனக்கு முன்னால் பெல்ட் கட்டிய நாய்களும் கூண்டுக்குள் ஒரு கிளியும். நாற்பது கிலோ ஆட்டை அனாயாசமாக வாங்கி அறுக்கிற வம்சத்தில் வந்தவன், ஒன்றரைக் கிலோ கோழியை மடியில் வைத்துக்கொண்டு டோக்கன் நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் கவலை.

டாக்டர் சின்னப் பெண். வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கழிச்சல்தான், ஆனால் கொள்ளைநோய்க் கழிச்சலாக இருந்திருந்தால் இதற்குள் போயிருக்கும், ஐந்து நாள் மருந்து கொடுத்துச் சூடாக வைத்துப் பாருங்கள் என்றாள். பிழைக்குமா என்று கேட்டேன். பார்த்துக்கொள்கிறவர்களைப் பொறுத்தது என்றாள். எந்த டாக்டரும் சொல்கிற பதில்தானே என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

லாத்தா பார்த்துக்கொண்டாள். மிக்சி வந்த அட்டைப் பெட்டியில் சாக்கு விரித்து, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, பேனாவுக்கு மை ஊற்றுகிற பில்லரால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரேயடியாக ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பது மச்சான் சொல்லிக் கொடுத்ததாம். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள் அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டித் தொண்டையில் தள்ளினாள். ஐந்து வேளைத் தொழுகையும் அதற்கு மருந்து வேளையாயிற்று. தொழுது முடித்துப் பாயைச் சுருட்டியதும் நேரே பெட்டியிடம் போவாள். பின்பக்கத்தை வெந்நீரில் துடைப்பாள், சாக்கை மாற்றுவாள். பிறகு கேழ்வரகுக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சிப் புகட்டுவாள்.

அந்தக் கஞ்சியில் மிச்சத்தை அவளே குடித்தாள். மச்சான் போன பிறகு அவள் வயிற்றுக்குள் ஒழுங்காகப் போனது அதுதான். அதுவரை நான் வாங்கி வைத்த இட்லி காய்ந்துபோய்க் கிடக்கும். கேட்டால், அப்புறம் சாப்பிடுகிறேன் என்பாள். பகலெல்லாம் சுவரைப் பார்த்தபடி பாயில் படுத்திருப்பாள். இப்போது எழுந்து நடமாடினாள். தலை வாரிக்கொண்டாள். எனக்கு அந்தக் கோழியின் மீது தனிப்பட்ட அக்கறை எதுவும் கிடையாது. அது செத்தால் இவள் மறுபடி பாயில் விழுந்துவிடுவாள் என்ற பயம் மட்டும் இருந்தது. அந்தப் பயம் பெரிதாகவே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஆடு அறுக்கிற புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் வேலை பார்ப்பவர். உயிர் போவதைத் தினம் பார்க்கிற மனுஷன். நான்காம் நாள் மதில் வழியாகப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னா மாமு, இத்த இன்னும் வச்சிகினு கீற? மூச்சு கீறப்பவே ஓதி அறுத்துடு. தானா பூட்ச்சுன்னா ஹராமாப் பூடும். அதுக்கும் அவஸ்த, ஒனக்கும் ஒதவாது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எங்களில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆடோ கோழியோ, தானாகச் செத்தால் அது தின்னக்கூடாத ஹராம், தொட மாட்டோம், புதைக்க வேண்டியதுதான். தேறாது என்று தெரிந்துவிட்டால் உயிர் போவதற்குள் பிஸ்மி சொல்லிக் கத்தி வைத்துவிடுவார்கள். அத்தா அப்படி நடுச்சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு ஓடிப்போய் அறுத்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றே நானும் கத்தியைத் தீட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். லாத்தா பெட்டியின் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"அது சாவாதுடா. சாவறதா இருந்தா நானே ஒன்ன கூப்புட்றேன். அப்ப வந்து அறு."

சரி என்று சொல்லிவிட்டுக் கத்தியைச் சமையலறை ஜன்னலில் வைத்தேன்.

கோழி சாகவில்லை. ஒரு வாரத்தில் எழுந்து நின்றது, பிறகு பெட்டியை விட்டு வெளியே வந்தது, அரிசியைத் தானாகப் பொறுக்கியது என்று லாத்தா சொல்லிக் கேட்டதுதான். நான் திரும்பும் நேரத்தில் அது பெட்டிக்குள் அடைந்திருக்கும். தலையைச் செருகிக்கொண்ட ஒரு கறுப்பு உருண்டை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. முதல் நாள் பார்த்ததும் அதே உருண்டைதான். மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் லாத்தா அதைப் பற்றியே பேசினாள். இன்று மதில் மேல் ஏறியது, இன்று பூனையைத் துரத்தியது என்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டுவேன். மனசுக்குள், ஆசையில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. பள்ளிவாசலுக்குப் போகாமல் சோம்பலாகக் கிடந்துவிட்டுக் கை கால் கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். லாத்தா அறைக்குள் வெள்ளைத் துப்பட்டியோடு தொழுகையில் நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. வெளியே, மாடி கட்டியபோது மிஞ்சிய மணலில் கோழி கிடந்தது. ஒருக்களித்துச் சாய்ந்து ஒரு காலை விறைப்பாகப் பின்னால் நீட்டியிருந்தது. ஒரு இறக்கை விசிறி மாதிரி மணலில் பரந்து கிடந்தது. கழுத்து தரையோடு தரையாக இருந்தது. அலகு திறந்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது. காலால் மணலைத் தட்டினேன். இமை மட்டும் ஒருமுறை அசைந்தது.

போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். லாத்தாவைப் பார்த்தேன். அப்போதுதான் ருகூவுக்குக் குனிந்தாள். தொழுகையில் நிற்பவரைக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் பாதியில் விட்டுவிட்டு வர மாட்டாள். நான்கு ரக்அத் தொழுது முடிக்க எப்படியும் ஐந்து நிமிஷம் ஆகும். அவ்வளவு நேரம் தாங்குமா? ஒரு மாதம் பாடுபட்டு வளர்த்ததைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டி வந்தால் அவள் மனசு என்ன ஆகும் என்றும் யோசித்தேன். அவளுக்காகத்தான் ஓடினேன். ஜன்னலிலிருந்து கத்தியை எடுத்து வந்து, கோழியை மேற்கே கிப்லா பக்கம் திருப்பி, இறக்கைகளைக் காலால் அமுக்கி, பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்றேன்.

காலுக்கடியில் அது உதறியது. சாகிற கோழிக்கு இவ்வளவு பலமா என்று தோன்றியது. அந்த யோசனை கைக்கு வந்து சேருவதற்குள் கத்தி போய்விட்டது.

லாத்தா தொழுது முடித்து வாசற்படிக்கு வந்தபோது கோழி அடங்கியிருந்தது. அவள் கோழியைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். போய்விடும்போல இருந்தது, ஹராமாவதற்குள் அறுத்துவிட்டேன் என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"வெயில் காஞ்சிகினு இருந்துச்சுடா," என்றாள். "நாலு நாளா இந்நேரத்துக்கு இங்கதான் வந்து படுக்குது."

நல்ல உடம்போடு இருக்கிற கோழி அப்படித்தான் மணலில் புரண்டு, காலையும் இறக்கையையும் நீட்டிச் செத்ததுபோலக் கிடந்து வெயில் காயும் என்பது எனக்குத் தெரியாது. நோய்க்கோழிதான் ஒடுங்கி உட்காருமாம். இருபத்தாறு வருஷம் கோழி இருந்த வீட்டில், பகல் நேரத்தில் ஒரு கோழி என்ன செய்யும் என்று நான் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் கோபம்தான் முதலில் வந்தது. இதையெல்லாம் முன்னமே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கத்தினேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. துப்பட்டியை மடித்து வைத்துவிட்டு அடுப்பில் வெந்நீர் போட்டாள்.

ஓதி அறுத்ததை வீணாக்க முடியாது. நான் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். வேண்டாம் தம்பி, நகரு என்றாள். பிழைக்க வைத்த அதே கைகளால் இறகைப் பிடுங்கினாள். மஞ்சள் தடவி, வாட்டி, வயிற்றைக் கீறிக் கையை உள்ளே விட்டாள். அங்கேயே சற்று நேரம் கை நின்றது. வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு முழு முட்டை இருந்தது. ஓடு கட்டி, உடையாமல், இன்னும் சூடாக இருந்தது. அதன் பின்னாலேயே மஞ்சள் மஞ்சளாகக் கருக்கள், கோலிக்குண்டு அளவிலிருந்து கடுகு அளவு வரை, கொத்தாக வந்தன. நோய்க்கோழி வயிற்றில் முட்டை பிடிக்காது. அது எனக்கே தெரியும்.

லாத்தா முட்டையைக் கழுவித் துடைத்து ஒரு கிண்ணத்தில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கு வுட்டிருக்கும்," என்றாள். பிறகு, "ஒனக்கு அவிச்சித் தரவா, ஆம்லெட் போடவா?" என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். அவித்துக் கொடு என்றேன்.